வீட்டுக்கு ஒரு பிரிண்டர்

வீட்டுக்குப் பிரிண்டர் ஒண்டு வாங்கப் போறம் எண்டு சொன்ன நேரம், சொந்தக்காரர், அயலட்டை, அம்மாவோட படிப்பிக்கிற ரீச்சர்மார் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "என்னத்துக்குப் பிள்ளையள்? சந்தியில கொமினிகேசன் இருக்குதுதானே!" நியாயமான கேள்வி. எங்கட சந்தியில ஒண்டில்லை, இரண்டு இருக்குது. ஒண்டு காலமை ஏழு மணிக்கே திறந்திடும். பரீட்சைக் காலத்தில கடனுக்கும் போட்டோக்கொப்பி அடிச்சுத் தந்த அன்ரி ஒராளின்ர கடை அது. அந்தக் கடையோட எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை.

நாங்கள் எண்டால் மூன்று பேர். மூத்தவள் வேலைக்குப் போறவள், நடுவிலாள் கம்பஸ், கடைசி ஏ.எல். உயிரியல் படிக்கிற தம்பி. தென்மராட்சியில அம்மா, அப்பா, அம்மம்மாவோட ஒரே வீடு. இதை மூன்று பேருமாக இருந்து கதைச்சுக் கதைச்சு எழுதுறம். எங்கேயாவது ஒரு வசனம் அடுத்த வசனத்தோட சண்டை பிடிச்சால் காரணம் அதுதான்.

அப்பாவுக்குக் கணக்குக் காட்டாமல் இந்த வீட்டில ஒரு ஆணியும் வாங்கேலாது. ஆகவே ஒரு ஒக்டோபர் மாசம் முழுக்கக் கலண்டருக்குப் பக்கத்தில ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டம். ஆர் கடைக்குப் போனாலும் வந்தவுடன எழுத வேணும்: என்ன கடதாசி, எத்தனை பக்கம், கறுப்பா கலரா, கையில இருந்ததைக் கொப்பி எடுத்ததா, போனில இருந்ததைப் பிரிண்ட் எடுத்ததா. மாச முடிவில 268 பக்கம். அதில 120 அம்மாவின்ர. ஆண்டு இரண்டில அவவுக்கு 24 பிள்ளைகள். ஒரு செயற்பாட்டுத் தாள் எண்டால் 24 பக்கம், அப்பிடி ஐந்து தாள். காசு அவவின்ர சொந்தப் பையில இருந்து போகும். இந்த நாட்டில ஆரம்பப் பிரிவு ரீச்சர்மாரோட பழகின ஆருக்கும் இது புதினமில்லை. கடைசியின்ர பாஸ்ட் பேப்பர் 94. அப்பாவின்ர கிளினிக் துண்டும் சங்கக் கணக்கும் 21, கம்பஸ் அசைன்மென்ற் 20, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் மாதிரியான உதிரிகள் 13.

அந்தக் கொப்பி எங்களுக்கே இரண்டு விசயத்தைக் காட்டித் தந்தது. கலர் எண்டு போனது வெறும் 17 பக்கம். மற்றது, 268 இல 171 பக்கம் ஏற்கெனவே கடதாசியாக இருந்ததைப் பார்த்து எடுத்த கொப்பி. அதாவது எங்களுக்குத் தேவைப்பட்டது பிரிண்டரை விடக் கூடுதலாக ஒரு கொப்பி மிசின். பிரிண்ட் மட்டும் எடுக்கிற சின்ன மிசின் எவ்வளவு மலிவாகக் கிடைச்சாலும் எங்களுக்கு உதவாது எண்டு அண்டைக்கே முடிவாகிட்டுது. பிரிண்ட், ஸ்கேன், கொப்பி மூன்றும் ஒண்டில இருக்க வேணும். அதுவும் கொம்பியூட்டரைப் போடாமல், கரண்டை மட்டும் போட்டு, அம்மம்மா கூட ஒரு பட்டனை அமத்திக் கொப்பி எடுக்கக்கூடிய மாதிரி இருக்க வேணும்.

எங்கட சந்தி விலையில கறுப்பு ஒரு பக்கம் 10 ரூபா, கலர் 50. மாசத்துக்கு 3,360 ரூபா. லீவு மாசங்களில குறையும், தவணைச் சோதனை மாசத்தில கூடும். அப்பா கண்ணாடியைக் கழட்டிப் போட்டு, "சரி, பாப்பம்" எண்டார்.

ஆனால் உண்மையான காரணம் அந்தக் கொப்பியில எழுதியிருக்கேல்லை.

இப்ப பெரும்பாலான கொமினிகேசன்களில பென்டிரைவ் ஒருத்தரும் கொண்டு போறதில்லை. சுவரில ஒரு வட்ஸ்அப் நம்பர் ஒட்டியிருக்கும். அதுக்கு அனுப்பினால் அவை கொம்பியூட்டரில திறந்து பிரிண்ட் போடுவினம். வசதிதான். மூத்தவள் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறதுக்காக அடையாள அட்டையின்ர இரண்டு பக்கம், பிறப்புச் சான்றிதழ், சுயவிபரக் கோவை எல்லாம் ரவுணில ஒரு கடைக்கு அப்பிடி அனுப்பினாள். எந்தக் கடை எண்டு எழுதப் போறதில்லை. அண்டைக்கு இரவு பதினொரு மணிக்கு அந்த நம்பரில இருந்து ஒரு மெசேஜ். "பிரிண்ட் கிளியரா வந்துதா?" பதில் போடேல்லை. அடுத்த நாள் "ஹாய்". அதுக்கடுத்த நாள், அவளின்ர பிறந்த நாளுக்குச் சரியாக, ஒரு பூங்கொத்துப் படம். பிறந்த திகதி அடையாள அட்டை நம்பரிலயே இருக்குது. விலாசம் பின்பக்கத்தில இருக்குது. வேலை செய்யிற இடம் சுயவிபரக் கோவையில இருக்குது. பிளொக் பண்ணினாள். பிறகு வேற நம்பரில இருந்து வந்தது.

இதை வாசிக்கிற பெண் பிள்ளைகள் சிலருக்கு மிச்சத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை. பிறகு நாங்கள் கடைகளுக்குப் போற நேரம் அந்தத் திரையைப் பார்க்கப் பழகினம். டவுன்லோட்ஸ் எண்ட பெட்டியைத் திறந்தால் ஊரே கிடக்கும்: ஆற்றையோ ஸ்கேன் ரிப்போர்ட், ஆற்றையோ வங்கிப் புத்தகம், விவாகரத்து வழக்குக் கடதாசி, வெளிநாட்டுக்குப் போறவரின்ர பாஸ்போட். 2022 இல 9 ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒண்டு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்திக் கடையில "அண்ணா, என்ர பைலை அழிச்சு விடுங்கோ" எண்டு கேட்டால், பின்னுக்கு வரிசையில நிக்கிற ஆக்கள் எங்களைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பினம். எங்கட வீட்டில மூத்தவள் இதை அம்மாவுக்கு மட்டும் சொன்னாள். அம்மா ஒண்டும் கதைக்கேல்லை. கிணத்து மோட்டர் மாத்துறதுக்கெண்டு போட்டு வந்த சீட்டை எடுத்து, "முதல்ல மிசினை வாங்குங்கோ, தண்ணி அள்ளிக் குளிக்கலாம்" எண்டா.

சரி, எதை வாங்குறது?

முதல் சண்டை, இங்க்ஜெட்டா லேசரா எண்டது. கடைசி லேசர்ப் பக்கம். அவனின்ர வாதத்தில நியாயம் இருந்தது. லேசரில இருக்கிறது தூள். அது காயாது, மூன்று மாசம் சும்மா கிடந்தாலும் நாலாம் மாசம் ஒழுங்காக அடிக்கும். இங்க்ஜெட்டின்ர மை, மயிரிழையை விடச் சின்னத் துளைகளால வெளியில வாற திரவம். பாவிக்காமல் விட்டால் அந்தத் துளை வாயிலயே காஞ்சு அடைச்சுக்கொள்ளும். உங்கட வீட்டில மாசத்தில இரண்டு பக்கம்தான் அடிக்கிறதெண்டால், அதுவும் கறுப்பு மட்டும் எண்டால், தயவு செய்து இங்க்ஜெட் வாங்காதேங்கோ. சந்திக் கடையே காணும். எங்கட கணக்கு அப்பிடியில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது ஆராவது ஏதாவது அடிக்கிற வீடு. மை காய நேரமில்லை. கலர் 17 பக்கமெண்டாலும் அது அம்மாவின்ர வகுப்புக்கு வேணும். ஆண்டு இரண்டுப் பிள்ளைக்குக் கிளியைப் பச்சையாகக் காட்ட வேணுமே. கலர் லேசர் எங்கட சீட்டுக்குள்ள அடங்காது.

மற்றது கரண்ட். லேசர் மிசினில தூளைக் கடதாசியில உருக்கி ஒட்டுற உருளை சூடாகிற நேரம் நூற்றுக்கணக்கான வாற்று இழுக்கும். சின்ன யூ.பி.எஸ். தாங்காது. இங்க்ஜெட் ஒரு எல்.ஈ.டி. பல்ப் அளவில வேலையை முடிச்சிடும். 2022 மார்ச் முடிவில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில, இதையும் யோசிச்சுத்தான் சாமான் வாங்க வேண்டியிருக்கு. அதே மார்ச்சில மேல் மாகாணத்தில கடதாசி இல்லாமல் தவணைச் சோதனையையே பிற்போட்டவை. அது நடந்த பிறகு, அம்மா கடதாசிக் கட்டை அலுமாரியில சாறிக்குக் கீழ வைக்கிறதை நாங்கள் பகிடி பண்ணுறதில்லை.

இரண்டாவது, காட்ரிஜ்ஜா தாங்கியா எண்டது. இதில சண்டையே இல்லை. ஆனாலும் கடையில எங்களைச் சறுக்க வைக்கப் பார்த்த இடம் இதுதான். யாழ்ப்பாணம் ரவுணில மூன்று கடை ஏறினம். மூன்றிலயும் முன்னுக்கு அடுக்கியிருந்தது காட்ரிஜ் போடுற சின்ன மிசின்கள். விலையைக் கேட்டால் ஆசையாக இருக்கும். தாங்கி வைச்ச மிசினின்ர விலையில மூன்றில் ஒரு பங்குக்கும் கிடைக்கும். வியாபாரமே அதுதான்: மிசினை மலிவாகத் தந்து மையில உழைக்கிறது. எச்.பி. 680 எண்ட காட்ரிஜ்ஜை எடுத்தால், கறுப்பு ஏறத்தாழ 480 பக்கம், மூவண்ணம் ஏறத்தாழ 150 பக்கம். கறுப்பு எங்களுக்கு இரண்டு மாசம் கூட வராது. கனனின்ர ஜி வரிசைத் தாங்கிக்கு ஊத்துற கறுப்புப் போத்தல் ஒண்டு ஏறத்தாழ 6,000 பக்கம். எப்சன் எல்3250 இன் கறுப்பு 4,500 பக்கம், மூண்டு கலரும் சேர்ந்து 7,500. இந்தக் கணக்கெல்லாம் கொம்பனிகள் சோதனைத் தாள் அடிச்சுச் சொல்லுறது. கிளியின்ர படம் அடிச்சால் குறையும். முதல் ஊத்துற மையில ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போகும். அப்பிடி எல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் இரண்டுக்கும் இடையில இருக்கிறது மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

இந்தத் தாங்கி வந்த கதையும் எங்களுக்குப் பிடிச்சுது. காட்ரிஜ் விலை தாங்காமல் ஆசியா முழுக்க ஆக்கள் தாங்களே ஓட்டை போட்டு, சிரிஞ்சால மை ஏத்தி, வெளியில போத்தில் கட்டிக் குழாய் விட்டு ஓட்டினவை. எங்கட ரவுணிலயும் சிரிஞ்சோட இருந்த அண்ணாமாரை எங்களுக்கு ஞாபகம் இருக்கு. அவையின்ர விரல் எப்பவும் நீலமாக இருக்கும். கடைசியில எப்சன் 2010 இல இந்தோனேசியாவில தானே தாங்கி வைச்ச பிரிண்டரை விற்பனைக்கு விட்டது. பிறகு மற்றக் கொம்பனிகளும் வந்தன. சனம் செய்த குறுக்கு வழியைக் கொம்பனி பார்த்துச் செய்ய வேண்டி வந்ததெண்டது கேக்க நல்லாயிருக்குதுதானே.

கடையில இருந்த தம்பி எங்களுக்கு வேகத்தைச் சொல்லி விக்கப் பார்த்தார். "அக்கா, இது ஒரு நிமிசத்துக்கு 33 பக்கம்." பெட்டியில அப்பிடித்தான் போட்டிருக்கு. அது மையை மிச்சம் பிடிச்சு மங்கலாக அடிக்கிற டிராவ்ற் வேகம். அதே பெட்டியில சின்ன எழுத்தில ஐ.எஸ்.ஓ. முறைப்படி கறுப்பு 10, கலர் 5 எண்டு இருக்கும். ஆர் எந்த மிசின் வாங்கினாலும் அந்தச் சின்ன எழுத்தைத்தான் வாசிக்க வேணும். வீட்டுக்கு அதுவே காணும். 24 பிள்ளைக்குத் தாள் அடிக்கிற நேரத்துக்குள்ள ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

எங்களுக்கு வேகத்தை விட முக்கியமான ஒண்டு இருந்தது. மழை.

மையில இரண்டு சாதி. ஒண்டு டை, அதாவது தண்ணியில கரைஞ்ச சாயம். மற்றது பிக்மென்ற், கரையாத மிக நுண்ணிய துகள்கள் தண்ணியில மிதக்கிறது. டை மை போட்டோவுக்கு நல்ல பளிச்செண்டு இருக்கும். ஆனால் ஈரம் பட்டால் எழுத்து ஊறிப் பரவும். பிக்மென்ற் கடதாசியின்ர மேல படிஞ்சு நிக்கும், ஒரு துளி மழைக்கு அசையாது. கார்த்திகை மழைக்க சைக்கிளில பிரதேச செயலகத்துக்குக் கடதாசி கொண்டு போற குடும்பத்துக்கு இது சின்ன விசயமில்லை. நடுவிலாள் கடையில இரண்டு மிசினில ஒவ்வொரு மாதிரிப் பக்கம் அடிச்சுத் தரச் சொல்லி, தண்ணிப் போத்திலைத் திறந்து இரண்டுக்கும் ஒவ்வொரு சொட்டு விட்டாள். கடைத் தம்பி சிரிச்சார். ஒரு தாளில எழுத்தைச் சுத்தி ஊதா நிறத்தில ஒரு வட்டம் விரிஞ்சுது. மற்றதில தண்ணி மட்டும் நிண்டுது. பிறகு அவரும் சிரிக்காமல் எட்டிப் பார்த்தார். எல்3250 இல போடுற 003 மை நாலும் டை. கனன் ஜி3020 இல கலர் மூண்டும் டை, கறுப்பு மட்டும் பிக்மென்ற். எப்சனிலயும் 001 மை போடுற கொஞ்சம் விலை கூடின மொடல்களில கறுப்பு பிக்மென்ற் தான். உங்கட வீட்டில பெரும்பாலும் போட்டோ அடிக்கிறதெண்டால் இந்தக் கணக்கு வேற மாதிரி வரும்.

அடுத்தது, ஒருத்தரும் பெட்டியில எழுதாத விசயம். இங்க்ஜெட் மிசின் தன்ர துளைகளைத் துப்பரவாக்க அடிக்கடி கொஞ்ச மையை உள்ளுக்கயே துப்பும். துப்பின மை போய்ச் சேர அடியில பஞ்சு மாதிரி ஒண்டு இருக்கு. மிசின் அதை எண்ணிக்கொண்டு வரும். எண்ணிக்கை முடிஞ்சவுடன, மை நிறைய இருந்தாலும், "சேவிசுக்குக் கொண்டு போ" எண்டு லைட்டை மினுக்கிப் போட்டு நிண்டிடும். இரண்டு மூன்று வருசம் நல்லா ஓடின பிரிண்டர் திடீரெண்டு செத்திட்டுது எண்டு நீங்கள் கேள்விப்பட்ட கதைகளில பாதி இதாகத்தான் இருக்கும். கடையில லப்டொப்பைக் கொழுவி ரீசெட் அடிச்சுத் தருவினம். பஞ்சை மாத்தாமல் எண்ணிக்கையை மட்டும் பூச்சியமாக்கினால் பிறகு மை மேசையில வழியும். ஜி3020 இல அந்தப் பஞ்சு ஒரு தனிப் பெட்டியாக வருகுது. நாங்களே ஒரு திருகாணியைக் கழட்டி மாத்தலாம். மை அடிக்கிற தலையையும் அப்பிடியே கழட்டி மாத்தலாம். கொழும்பு யுனிட்டி பிளாசாவில கிடைக்கிற எல்லாம் எங்கட பக்கம் உடன கிடைக்காது. ஒரு சாமானைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்பினால் பரீட்சை முடிஞ்ச பிறகுதான் வரும். ஆகவே வீட்டிலயே மாத்தக்கூடியது எண்ட ஒண்டுக்காகக் கொஞ்சம் காசு கூடக் குடுக்கலாம் எண்டு மூன்று பேரும் ஒத்துக்கொண்ட இடம் இது. கடையை விட்டு வெளிக்கிட முதல் அந்தப் பெட்டியும் கறுப்புப் போத்திலும் ரவுணில வாங்கலாமா எண்டு வேற இரண்டு கடையில கேட்டுப் பார்த்தம். வாங்கலாம்.

வைபை இருக்கிற மொடலா, இல்லாததா எண்டதில அப்பா நிண்டு பிடிச்சார். வயர் மட்டும் இருக்கிறது விலை குறைவு. எங்கட வீட்டில ரவுட்டர் இல்லை, போன் டேற்றாதான். "ரவுட்டரே இல்லாத வீட்டுக்கு வைபை என்னத்துக்கு?" எண்டார். ஆனால் பிரிண்டரே தன்ர சின்ன வைபை ஒண்டை விடும். போன் நேர அதோட இணைஞ்சு அடிக்கலாம், இன்ரநெற் தேவையில்லை. எங்களிட்ட இருக்கிறது நடுவிலாளின்ர ஒரு லப்டொப். அதுவும் கிழமையில ஐந்து நாள் அவளோட கம்பஸில. கடதாசி எல்லாம் வாறது வட்ஸ்அப்பில. வயர் மொடல் வாங்கியிருந்தால் பழையபடி சந்திக்குத்தான் போயிருப்பம்.

போனில இருந்து அடிக்கிறதில எங்கட ஆக்களுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை இருக்கு: பாமினி. ரியூசன் சேர்மார் இன்னமும் பாமினி எழுத்துருவில அடிச்ச வேர்ட் பைலைத்தான் குறூப்பில போடுவினம். போனில திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழ். பிரிண்டரில ஒரு பிழையுமில்லை. போனுக்குப் பாமினி தெரியாது, அவ்வளவுதான். கடைசி இப்ப எல்லாச் சேர்மாரிட்டயும் "பீடிஎப் ஆகப் போடுங்கோ சேர்" எண்டு கேக்கிறான். இரண்டு பேர் போடுகினம். ஒராள், "வேணுமெண்டால் எழுதி எடும்" எண்டிட்டார்.

மிசின் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு படிச்சதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுறம். பிரிண்டரை அதின்ர சொந்தப் பட்டனால நிப்பாட்ட வேணும், சுவரில இருக்கிற சுவிச்சால இல்லை. பட்டனை அமத்தினால்தான் அது மைத் தலையைத் தன்ர மூடிக்குள்ள கொண்டு போய் வைச்சு மூடும். சுவரில நிப்பாட்டினால் தலை பாதி வழியில திறந்தபடி நிண்டு காயும். இடி முழங்கினவுடன வீட்டில இருக்கிற அத்தனை பிளக்கையும் கழட்டுற அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தினது பெரிய வேலை. இப்ப அவ முதல் பட்டனை அமத்தி, பத்து எண்ணி, பிறகு கழட்டுறா. பின்பக்கத்தால கடதாசி வைக்கிற வாயை ஒரு துணியால மூடி வையுங்கோ. எங்கட வீட்டில பல்லிக்கு அது நல்ல மறைப்பான இடம். மாரியில கடதாசியை மிசினிலயே விட்டால் ஈரம் ஏறி இரண்டு மூன்று தாள் ஒண்டாக இழுபடும்.

ஏலாத வேலையும் இருக்குது. கண்ணாடி ஏ4 அளவு. அம்மம்மாவின்ர சீதன உறுதி நீளக் கடதாசி. அடிப்பக்கத்துக் கையெழுத்து வெளியில நிக்கும். இரண்டு தரமாக ஸ்கேன் பண்ணி வைக்கலாம், ஆனால் அலுவலகத்துக்குக் குடுக்க அப்பிடி ஏலாது. அதுக்கு இன்னமும் அன்ரியின்ர கடைப் பெரிய மிசின்தான். மொத்தப் புத்தகத்தின்ர நடுப்பக்கமும் தெளிவாக வராது. இந்த மெல்லிய ஸ்கேனருக்குக் கண்ணாடியோட ஒட்டியிருக்கிறதுதான் வடிவாகத் தெரியும்.

அம்மம்மா எண்டவுடன அந்தப் பைலைப் பற்றியும் எழுத வேணும்.

எங்கட மாமா, அம்மாவின்ர தம்பி, 2009 இல காணாமல் ஆக்கப்பட்டவர். அம்மம்மாவிட்ட ஒரு மஞ்சள் பைல் இருக்கு. பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்து விடுகைப் பத்திரம், பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கத்தில பதிஞ்ச துண்டு, ஒரு பாஸ்போட் அளவுப் படம். 2010 இல நல்லிணக்க ஆணைக்குழு வந்த நேரம் அந்தப் பைலை முழுசாகக் கொப்பி எடுத்தா. 2013 இல காணாமல் போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு. திரும்பவும் கொப்பி. 2018 இல காணாமல் போனோர் அலுவலகம். திரும்பவும். இடையில எத்தனையோ கூட்டம், எத்தனையோ படிவம். ஒவ்வொரு தரமும் கடையில வரிசையில நிண்டு, அந்தப் படத்தை மேசையில வைச்சு, பின்னுக்கு நிக்கிற ஆக்கள் எட்டிப் பார்க்க. ஒரு இடத்தில மூலப் படத்தையே வாங்கி வைச்சிட்டுத் திருப்பித் தரேல்லை. இப்ப பைலில இருக்கிறது அதின்ர இரண்டாவது பிரதி. அதுவும் லமினேற் பண்ணி, ஒரு மூலை மஞ்சளாகிப் போச்சு.

பிரிண்டர் வந்து இரண்டாவது கிழமை ஒரு பின்னேரம் அம்மம்மா அந்தப் பைலோட வந்து கதிரையில இருந்தா. "இதுகளையும் அதுக்க போட்டு வைக்கேலுமோ?" எண்டு கேட்டா. ஒவ்வொண்டாக ஸ்கேன் பண்ணினம். அவ ஒவ்வொரு தாளையும் தன்ர கையாலதான் கண்ணாடியில வைச்சா, எங்களை வைக்க விடேல்லை. படத்தைக் கடைசியாக. பாஸ்போட் படம் எண்டது 35 க்கு 45 மில்லிமீற்றர். அதை 600 டி.பி.ஐ. இல ஸ்கேன் பண்ணினால் தெளிவு குறையாமல் இரண்டு மடங்காகப் பெருப்பிக்கலாம், 7 க்கு 9 சென்ரிமீற்றர் வரும். பளபளப்புக் கடதாசியில அந்த அளவில ஒண்டு அடிச்சுக் குடுத்தம். மாமாவின்ர இடது புருவத்தில ஒரு வெட்டுக்காயத் தழும்பு இருக்கிறது சின்னப் படத்தில தெரியாது. அம்மம்மா அதை விரலால தொட்டு, "கிணத்தடியில விழுந்தவன்" எண்டா. எங்களுக்கு அண்டைக்குத்தான் அது தெரியும்.

அந்தப் பைல்களை இரண்டு இடத்தில சேமிச்சு வைச்சிருக்கிறம், ஒண்டு லப்டொப்பில, ஒண்டு பென்டிரைவில. இனி ஆர் கேட்டாலும் கொப்பிதான் போகும்.

கதை பரவ ஒரு மாசமும் எடுக்கேல்லை. முதல்ல பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒரு மருந்துத் துண்டோட வந்தா. பிறகு அவவின்ர மருமகள் வெளிநாட்டுக் கடதாசிகளோட. பிறகு சங்கத்துக்காரர். இப்ப பின்னேரங்களில ஆராவது ஒராள் முன் விறாந்தையில தேத்தண்ணியோட இருப்பினம். அம்மா காசு வாங்க மாட்டா. அப்பா ஒரு மா ரின்னைப் பிரிண்டருக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறார். விரும்பின ஆக்கள் போடுவினம். அன்ரியின்ர கடைக்கு இதால நட்டமோ எண்டு மூத்தவளுக்கு ஒரு மனக்குறை. நாங்கள் நீளக் கடதாசி, பைண்டிங், லமினேற்றிங் எல்லாத்துக்கும் ஆக்களை அங்கதான் அனுப்புறம்.

இதுக்க ஒரு விசயம் எங்களுக்கு மெல்ல விளங்கினது. அயலில இருக்கிற பெட்டையள் இப்ப தங்கட அடையாள அட்டையை எங்கட நம்பருக்கு அனுப்புகினம். அந்தக் கடைக்காரரிட்ட இருந்தது போலவே எங்கட போனிலயும் ஊரின்ர கடதாசி சேருது. அதில ஒண்டைக் கடைசி வட்ஸ்அப் கலரியில தட்டிக்கொண்டு போற நேரம் தற்செயலாகக் கண்டான். அண்டைக்கு இரவு மூன்று பேரும் இருந்து ஒரு ஒழுங்கு வைச்சம். கடதாசி அனுப்புறதெண்டால் மூத்தவளின்ர நம்பருக்கு மட்டும். கடைசியின்ர போனுக்கு ஒண்டும் வரக்கூடாது. பிரிண்ட் வெளியில வந்தவுடன, அனுப்பின ஆள் பார்த்துக்கொண்டிருக்க, சற்றிலயும் கலரியிலயும் அழிக்கிறது. பிழைச்சுப் போன தாளைக் குப்பையில போடாமல் அடுப்புக்கு. அந்த ஆளை வைச்சுக்கொண்டு அழிக்கிற நேரம் சிலர் வெக்கப்பட்டு, "பரவாயில்லை பிள்ளை, விடும்" எண்டுவினம். நாங்கள் விடுறதில்லை. போன கிழமை வந்த ஒரு தங்கச்சி, தன்ர படம் அழிஞ்சதைப் பார்த்திட்டு, "அக்கா, இதுக்கு முதல் அனுப்பின கடைக்காரரிட்டயும் இப்பிடிக் கேக்கலாமா?" எண்டு கேட்டாள். மூத்தவள் அவளோட அந்தக் கடைக்குப் போய் வந்தாள். கடைக்காரர் முதல் முறைச்சாராம், பிறகு அழிச்சாராம்.

மோட்டர் இன்னும் மாத்தேல்லை. கப்பியில அள்ளித்தான் குளிக்கிறம். கணக்குப்படி இரண்டு வருசம் வர வேண்டிய கறுப்பு மை பதினொரு மாசத்திலயே கால்வாசிக்கு வந்திட்டுது. ரின்னில இருக்கிறது 1,140 ரூபா. போத்திலுக்குக் காணாது, மிச்சத்தை அப்பா போடுறன் எண்டு சொல்லியிருக்கிறார்.